சுமையை எலும்பிடம் ஒப்படைக்கும் சாரக்கட்டு

எலும்பு முறிந்தால் கூடிவிடும். இரண்டு முனைகளையும் நேராகப் பொருத்தி, மாவுக்கட்டு போட்டோ உள்ளே கம்பியோ பிளேட்டோ வைத்தோ அசையாமல் பார்த்துக்கொண்டால், மீதி வேலையை உடம்பே செய்துகொள்ளும். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறையும். அதற்குள் புதிய இரத்தக் குழாய்கள் நுழையும். குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற திசு உருவாகி, அதில் கால்சியம் ஏறி இறுகும். தழும்பு விடாமல் ஆறக்கூடிய திசுக்கள் நம் உடம்பில் மிகக் குறைவு. எலும்பு அவற்றில் ஒன்று.

எலும்பு முறியாமல், எலும்பே இல்லாமல் போகும்போதுதான் சிக்கல். லாரிச் சக்கரம் ஏறிய காலில் எலும்பு சிதறி, சில துண்டுகள் சாலையிலேயே கிடந்துவிடும். புற்றுக்கட்டியை அகற்றும்போது சுற்றியுள்ள எலும்பையும் சேர்த்து வெட்டியெடுக்க வேண்டியிருக்கும். சீழ் பிடித்த எலும்பைச் சுரண்டியெடுத்த பிறகு பள்ளம் மிஞ்சும். இப்படி ஏற்படும் இடைவெளி ஓர் அளவைத் தாண்டிவிட்டால் உடம்பால் அதைத் தானாக நிரப்ப முடியாது. எலும்பு வந்து சேர்வதற்குள் நார்த்திசு புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போதைக்கு மருத்துவர்களின் முதல் தேர்வு, நோயாளியின் இடுப்பெலும்பு விளிம்பிலிருந்து கொஞ்சம் வெட்டியெடுத்து இடைவெளியில் வைப்பது. அதில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன, வளர்ச்சிப் புரதங்கள் இருக்கின்றன, துளைத்துளையான சட்டமும் இருக்கிறது. ஆனால் எடுக்கக்கூடிய அளவு கொஞ்சம்தான். சிலருக்குக் கால் சரியான பிறகும் இடுப்பு வலி நீடிக்கும். இடைவெளி பெரிதென்றால் இலிசரோவ் முறை. 1950களில் சைபீரியாவின் குர்கன் நகரில் கவ்ரில் இலிசரோவ் உருவாக்கியது இது. வளையங்களையும் மெல்லிய கம்பிகளையும் காலைச் சுற்றிப் பூட்டி, எலும்பை வேறோர் இடத்தில் வெட்டி, வெட்டிய துண்டை நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் நகர்த்துவார்கள். அதையும் ஒரேயடியாக அல்ல, கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை. துண்டு நகர நகர அதன் பின்னால் புது எலும்பு முளைக்கும். 5 சென்டிமீட்டர் இடைவெளியை மூடத் துண்டை நகர்த்துவதற்கே 50 நாள் ஆகும். அது இறுக இன்னும் பல மாதங்கள். அத்தனை காலமும் வளையங்களைச் சுமந்துகொண்டு, கம்பி நுழையும் துளைகளில் கிருமி புகாமல் காத்துக்கொண்டு இருக்க வேண்டும். இது ஓர் அற்புதமான சிகிச்சை. நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்பது எலும்பு வார்டுகளில் அப்படிப் படுத்திருப்பவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கு மாற்றாகத்தான் எலும்புத் திசுப் பொறியியல் வந்தது. 1993இல் ராபர்ட் லாங்கரும் ஜோசப் வகாந்தியும் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை அந்தத் துறைக்கு ஒரு வடிவம் கொடுத்தது. கட்டடம் எழும்பும்போது சவுக்குக் கழியில் சாரம் கட்டுவதைப்போல, எலும்பு வளரவேண்டிய இடத்தில் துளைகள் நிறைந்த ஒரு சாரக்கட்டை வைப்பது. அதைப் பற்றிக்கொண்டு செல்கள் ஏறி எலும்பைக் கட்ட, வேலை முடிந்ததும் சாரம் இல்லாமல் போவது. கட்டடத்தில் என்றால் ஆள் ஏறிச் சாரத்தைப் பிரித்துவிடலாம். உடம்புக்குள் அது தானாகவே கரைய வேண்டும். அதுவும் சரியான வேகத்தில் கரைய வேண்டும். இந்தத் துறையின் பெரும்பாலான தோல்விகள் அந்த வேகத்தில்தான் இருக்கின்றன.

சாரக்கட்டை எதில் செய்வது? முதலில் எலும்பு எதனால் ஆனது என்று பார்க்கலாம். கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவி வினிகரில் சில நாள் ஊறவைத்தால் அதிலுள்ள தாதுப்பொருள் கரைந்துவிடும். வடிவம் மாறாது, நீளமும் குறையாது. ஆனால் ரப்பர்போல வளையும். இன்னொரு கோழி எலும்பை நெருப்பில் நன்றாகச் சுட்டால் அதிலுள்ள புரதம் எரிந்துபோகும். அதற்கும் வடிவம் மாறாது. விரலால் அழுத்தினால் பொடிந்துவிடும். வளையும் புரதமும் பொடியும் தாதுவும் சேர்ந்துதான் நம்மைத் தாங்குகின்றன. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாது, மிச்சம் புரதமும் நீரும்.

புரதத்தில் பெரும்பகுதி கொலாஜன். அதன் கட்டமைப்பு சென்னையில்தான் வெளிப்பட்டது என்பதில் எனக்குத் தனிப் பெருமிதம் உண்டு. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த அயர்லாந்தில் பிறந்த அறிவியலாளர் ஜே.டி.பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று ஜி.என்.ராமச்சந்திரனிடம் சொன்னார். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாரில் எக்ஸ்-கதிர்களைச் செலுத்திப் படமெடுத்தார்கள். மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட மும்முறுக்குச் சுருள்தான் கொலாஜன் என்று 1954இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். ஒரு கொலாஜன் மூலக்கூறின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் 1.5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இழைக்குள் இந்த மூலக்கூறுகள் வரிசை தள்ளி வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் முடிவுக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் நடுவே சுமார் 40 நானோமீட்டர் இடைவெளி விழுகிறது. எலும்பின் தாதுப் படிகங்கள் அந்த இடைவெளியில்தான் முதலில் முளைக்கின்றன.

தாதுவின் பெயர் ஹைட்ராக்ஸிஅபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு கல் என்று சொல்லலாம். எலும்பில் அது மெல்லிய தகடுகளாக இருக்கிறது. தகட்டின் தடிமன் இரண்டு மூன்று நானோமீட்டர்தான். இத்தனை மெல்லியதாக இருப்பதால் என்ன லாபம்? ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்த ஹுவாஜியன் காவ் குழு 2003இல் இதற்கு விடை சொன்னது. பெரிய படிகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலும் அழுத்தமெல்லாம் அதன் நுனியில் குவிந்து, கீறல் ஓடி, படிகம் உடைந்துவிடும். படிகத்தின் தடிமன் சுமார் 30 நானோமீட்டருக்குக் கீழே இறங்கினால் அந்தக் கீறலுக்கு ஓடப் போதிய ஆற்றல் கிடைக்காது. குறை இருக்கும், ஆனால் குறையால் கெடுதல் இருக்காது. எலும்பு நானோ அளவைத் தேர்ந்துகொண்டதன் காரணம் இந்த இயற்பியல்தான்.

ஆய்வுக்கூடங்களில் செய்த ஆரம்பகாலச் சாரக்கட்டுகள் கோழி எலும்பின் இரண்டு பாதிகளைப்போலத்தான் இருந்தன. ஹைட்ராக்ஸிஅபடைட்டைச் சூளையில் சுட்டுச் செய்த துளைக்கட்டி உடம்புக்கு ஒத்துப்போகும், ஆனால் தட்டினால் நொறுங்கும். ஆண்டுக்கணக்கில் கரையவும் கரையாது. கொலாஜன், ஜெலட்டின், இறால் நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான் போன்ற பாலிமர்கள் நன்றாகக் கரையும், செல்களும் அவற்றில் ஒட்டும். ஆனால் நனைந்த பஞ்சுபோல அமுங்கிவிடும். நம் மூட்டுகளின் அருகேயுள்ள பஞ்செலும்பு 2 முதல் 12 மெகாபாஸ்கல் வரை அழுத்தம் தாங்கும். தொடை எலும்பின் கெட்டியான வெளிப்புறம் 100 முதல் 200 மெகாபாஸ்கல் வரை தாங்கும். நனைந்த கைட்டோசான் சாரக்கட்டு 1 மெகாபாஸ்கலைக்கூட எட்டாது. இதற்கு மேல் இன்னொரு முரண்பாடு. இரத்தக் குழாய்கள் நுழையத் துளைகள் 300 மைக்ரோமீட்டருக்கு மேல் இருப்பது நல்லது. துளை பெருகப் பெருக வலு குறையும்.

நானோபொருள் இங்கேதான் உள்ளே வருகிறது. பாலிமருக்குள் நானோ அளவுத் துகள்களைக் கலந்தால், குறைந்த அளவு துகளே சுவர்களைக் கணிசமாக வலுப்படுத்தும். காரணம் பரப்பளவு. ஒரு கன சென்டிமீட்டர் கட்டிக்கு 6 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு. அதே கட்டியை 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். அவ்வளவு பரப்பிலும் பாலிமர் துகளைப் பற்றிக்கொள்வதால் மேலே விழும் சுமை மென்மையான பாலிமரிலிருந்து கெட்டியான துகளுக்கு எளிதில் கடக்கிறது. விரிசல் ஓடி வந்தாலும் ஒவ்வொரு துகளிடமும் திசை மாறி, சுற்றிக்கொண்டு போய்க் களைத்துவிடுகிறது.

செய்முறையைக் கிட்ட நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். கைட்டோசான் செதில்களை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் போட்டு மணிக்கணக்கில் கலக்கினால் தேன்போல வழியும் கரைசல் கிடைக்கும்; வினிகர் நெடி மூக்கில் ஏறும். அதில் ஹைட்ராக்ஸிஅபடைட் நானோபொடியைச் சிறிது சிறிதாகத் தூவி, மீயொலிக் கருவியின் கம்பியை உள்ளே விட்டு அதிரவைப்பார்கள். கரைசல் பால்போல வெளுக்கும். அதைச் சின்னச் சின்னக் குழிகளில் ஊற்றி உறைய வைக்க வேண்டும். நீர் பனிப்படிகங்களாக உறையும்போது பாலிமரையும் துகளையும் ஒதுக்கித் தள்ளுகிறது. அவை படிகங்களுக்கு நடுவே நெருங்கிச் சுவர்களாகின்றன. பிறகு வெற்றிடத்தில் வைத்தால் பனி உருகாமலேயே ஆவியாகிப் போய்விடும். பனி இருந்த இடமெல்லாம் துளை. மெதுவாக உறையவிட்டால் படிகம் பெரிதாகும், துளையும் பெரிதாகும். சட்டென்று உறையவைத்தால் துளை சிறுக்கும். கடைசியில் கையில் கிடைப்பது எடையே தெரியாத ஒரு வெள்ளை வில்லை.

இதில் எல்லாரையும் படுத்தியெடுப்பது நானோபொடி கட்டி தட்டுவதுதான். துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு வேகமாகப் பக்கத்துத் துகளோடு ஒட்டிக்கொள்ளும். கட்டி தட்டிய துகள் நானோபொருள் அல்ல, வெறும் மணல். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். அதனால்தான் நானோபொருளைக் கூட்டிக்கொண்டே போனால் வலு ஓரளவுவரை ஏறி, பிறகு இறங்குகிறது. துகளின் மேற்பரப்பில் சிட்ரேட் போன்ற வேதிக் குழுக்களைப் பூசி அவற்றைப் பிரித்துவைப்பது ஒரு தனிக் கலை. சாரக்கட்டுக்குள்ளேயே கொலாஜனைச் சுற்றித் தாதுவைப் படியவைப்பது அதைவிட நல்ல வழி.

இந்தப் பணியில் நம் பக்கத்து ஆய்வுக்கூடங்களுக்கும் நல்ல பங்குண்டு. சென்னை ஐஐடியில் டி.எஸ்.சம்பத் குமாரின் குழு முட்டை ஓட்டைச் சுட்டு, பாஸ்பேட்டுடன் சேர்த்து, மைக்ரோவேவ் உதவியோடு நானோ ஹைட்ராக்ஸிஅபடைட் தயாரித்து 2007இல் வெளியிட்டது. கொச்சி அமிர்தா நிறுவனத்தில் ஆர்.ஜெயக்குமார் குழுவும், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் என்.செல்வமுருகன் குழுவும் கைட்டோசான் சாரக்கட்டுகளில் தொடர்ந்து உழைத்திருக்கின்றன. கடற்கரை நெடுக இறால் ஓடு குப்பையாகக் கிடக்கும் நாட்டில் இது பொருத்தமான ஆராய்ச்சி.

வலுவூட்டத்தான் நானோபொருளைச் சேர்த்தார்கள். அது செல்களிடமும் பேசும் என்பது கூடவே கிடைத்த கண்டுபிடிப்பு. நியூயார்க் மாநிலத்தின் ரென்சலர் நிறுவனத்தில் தாமஸ் வெப்ஸ்டரும் சகாக்களும் 2000ஆம் ஆண்டு வாக்கில், ஒரே பீங்கானைப் பெரிய மணிகளாகவும் 100 நானோமீட்டருக்குக் குறைந்த மணிகளாகவும் செய்து எலும்பு கட்டும் செல்களை அவற்றின்மேல் விட்டார்கள். நானோமணிப் பரப்பில் செல்கள் அதிகமாக ஒட்டின, அதிகமாகக் கால்சியமும் படியவைத்தன. செல் பீங்கானை நேரடியாகத் தொடுவதில்லை. உடல் திரவத்திலுள்ள விட்ரோனெக்டின் போன்ற புரதங்கள் முதலில் பரப்பில் படிகின்றன. செல் அந்தப் புரதங்களைத்தான் பற்றுகிறது. நானோ மேடுபள்ளங்களில் அந்தப் புரதங்கள் செல்லுக்கு வாகாக விரிந்து படிகின்றன.

2007இல் கிளாஸ்கோவின் மேத்யூ டால்பி குழு கண்டது இன்னும் வியப்பானது. ஒரு பாலிமர் தகட்டில் 120 நானோமீட்டர் அகலமுள்ள குழிகளைப் பதித்தார்கள். ஒரு தகட்டில் குழிகள் அளவெடுத்த சதுர வரிசையில் இருந்தன. இன்னொன்றில் ஒவ்வொரு குழியும் தன் இடத்திலிருந்து 50 நானோமீட்டர்வரை விலகியிருந்தது. மனிதக் குருத்துசெல்களை இரண்டின்மேலும் வளர்த்தார்கள். சீரான வரிசையில் எலும்பு உருவாகவில்லை; சற்றே குலைந்த வரிசையில், எந்த மருந்தும் ஊக்கியும் இல்லாமலேயே, செல்கள் எலும்புத் தாதுவை உண்டாக்கின. அதற்கு முந்தைய ஆண்டு ஆடம் எங்லரும் டென்னிஸ் டிஷரும் குழுவாகச் செய்த ஆய்வில், அடித்தளம் எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்தே குருத்துசெல் நரம்பு, தசை, எலும்பு ஆகியவற்றில் எதன் பக்கம் சாய்வது என்று முடிவெடுப்பது தெரியவந்திருந்தது. ஆக, சாரக்கட்டில் சேர்க்கும் துகள் சுவரைக் கெட்டிப்படுத்துகிறது, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறது; செல்லுக்கு இரண்டுமே உத்தரவுதான்.

கண்ணாடிக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. 1967இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பொருளறிவியலாளர் லாரி ஹெஞ்ச் ஒரு மாநாட்டுக்குப் பேருந்தில் போனபோது, வியட்நாமிலிருந்து திரும்பியிருந்த ஒரு ராணுவ அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தார். கதிர்வீச்சைத் தாங்கும் பொருள்களைப் பற்றி ஹெஞ்ச் சொல்லிக்கொண்டு வர, மனித உடம்பு ஏற்றுக்கொள்ளும் பொருளைச் செய்ய முடியுமா என்று அவர் கேட்டார். கை கால்களை இழந்த வீரர்களைப் பார்த்துவிட்டு வந்தவரின் கேள்வி அது. இரண்டே ஆண்டுகளில், 45எஸ்5 என்ற கண்ணாடி உருவானது. எலித் தொடை எலும்பில் வைத்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது கண்ணாடியை எலும்பிலிருந்து பிரிக்க முடியவில்லை. உடல் திரவத்தில் அதன் மேற்பரப்பு கரைந்து, அங்கேயே நானோ ஹைட்ராக்ஸிஅபடைட் படலமாக மறுபடி படிகிறது. எலும்பு அந்தப் படலத்தோடு பிணைந்துகொள்கிறது. இன்று அந்தக் கண்ணாடியையே நானோதுகளாக்கிப் பாலிமரில் கலக்கிறார்கள். பாலிலாக்டிக் அமிலம் போன்ற பாலிமர்கள் கரையும்போது அமிலத்தைக் கக்கும். கண்ணாடி அந்த அமிலத்தை முறிக்கவும் உதவுகிறது.

கார்பன் நானோகுழாய், கிராஃபீன் ஆகியவற்றைப் பற்றி நான் அவ்வளவு உற்சாகமாக எழுத மாட்டேன். வலுவில் அவற்றுக்கு இணை இல்லை. ஆனால் பாலிமர் கரைந்த பிறகு அவை எங்கே போகும்? நீளமான நானோகுழாய்களை எலியின் வயிற்றறைக்குள் செலுத்தியபோது ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைப்போலவே அழற்சி ஏற்பட்டதை 2008இல் எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். குட்டையாக்கினால், மேற்பூச்சு கொடுத்தால் ஆபத்து குறையும் என்கிறார்கள். கால்சியத்திலும் பாஸ்பேட்டிலும் செய்த துகள் கரைந்தால் உடம்பு அதை எலும்புக்கே எடுத்துக்கொள்ளும். கார்பன் குழாய்க்கு அப்படியொரு கணக்கு உடம்பில் இல்லை. ஒரு குழந்தையின் தாடையில் வைக்கும் பொருள் என்றால் இந்த வேறுபாடு எனக்குப் போதும்.

அளவுக்கு மீறிய வலுவும் கெடுதல்தான். எலும்பு சுமையைப் பார்த்துத்தான் வளர்கிறது என்று பெர்லின் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். விண்வெளியில் எடையின்றி மிதப்பவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி இழக்கிறது. டைட்டானியத்தின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல், எலும்பின் விறைப்பு 15 முதல் 20. சுமையையெல்லாம் உலோகமே தாங்கிக்கொண்டால் பக்கத்திலுள்ள எலும்புக்கு வேலையில்லை. வேலையில்லாத எலும்பு மெலியும். ஆகவே நல்ல சாரக்கட்டு தொடக்கத்தில் தாங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, சுமையை எலும்பிடம் ஒப்படைக்க வேண்டும். ஆய்வுக்கட்டுரைகள் முதல் நாள் வலுவைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. நான் முதலில் தேடிப் பார்ப்பது ஆறாவது மாதத்து வலுவை.

இந்த ஒப்படைப்பு நன்றாக நடக்கும் பொருளுக்கு ஒரு நல்ல உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. மசானோரி கிகுச்சியும் சகாக்களும் கொலாஜன் கரைசலையும் கால்சியம், பாஸ்பேட் கரைசல்களையும் 40 டிகிரி வெப்பத்தில், சற்றே காரத்தன்மையில் மெதுவாகச் சேர்த்தார்கள். படிகங்கள் தாமாகவே கொலாஜன் இழையின் நீளவாக்கில் வரிசையாக அமைந்தன. எடையில் 80 பங்கு தாது, 20 பங்கு கொலாஜன். 2001இல் வெளிவந்த அந்த ஆய்வு பின்னாளில் பஞ்சுபோன்ற மருத்துவப் பொருளாக ஜப்பான் மருத்துவமனைகளுக்கு வந்துசேர்ந்தது. சுட்ட பீங்கானைத் தொடத் தயங்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள், அதாவது எலும்பைத் தின்னும் செல்கள், இதை நிஜ எலும்பென்று எண்ணித் தின்கின்றன. அவை தின்ற குழியில் ஆஸ்டியோபிளாஸ்ட்டுகள் வந்து புது எலும்பைக் கட்டுகின்றன. நம் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இப்படித்தான் மாற்றிக் கட்டப்படுகிறது. அந்த வழக்கமான வேலைக்குள்ளேயே சாரக்கட்டும் கரைந்துபோகிறது.

இத்தனையும் இருந்தும் இலிசரோவ் வளையம் ஏன் ஓய்வு பெறவில்லை? பெரும்பாலான சோதனைகள் எலியின் மண்டையோட்டில் 5 அல்லது 8 மில்லிமீட்டர் துளையிட்டு அதை நிரப்புபவை. மண்டையோடு சுமை தாங்காது. எலி மனிதனைவிட வேகமாக ஆறும். பிரிஸ்பேனில் டீட்மர் ஹட்மாகர் குழு 2012இல் செய்த ஆட்டுச் சோதனை அந்த வகையில் மதிப்புக்குரியது. செம்மறியாட்டின் கணைக்கால் எலும்பில் 3 சென்டிமீட்டர் வெட்டியெடுத்து, பாலிகாப்ரோலாக்டோன், டிரைகால்சியம் பாஸ்பேட் கலவைச் சாரக்கட்டை எலும்பு வளர்ச்சிப் புரதத்துடன் வைத்து, ஓராண்டு காத்திருந்தார்கள். விளைவு இடுப்பெலும்பு ஒட்டைவிட மேலாக இருந்தது. அங்கும் புரதத்தின் துணை தேவைப்பட்டது. அத்தகைய புரதம் ஒன்று அமெரிக்காவில் 2002இல் அனுமதி பெற்ற பிறகு, கழுத்து முதுகெலும்பு அறுவைகளில் பயன்படுத்தியபோது ஆபத்தான வீக்கம் ஏற்பட்டு, 2008இல் அந்நாட்டு மருந்துத் துறை எச்சரிக்கை விடுத்தது. புரதம் இல்லாமல், துகளின் மொழியாலேயே செல்லை வழிநடத்த முடிந்தால் செலவும் ஆபத்தும் ஒருசேரக் குறையும்.

அதற்கு நடுவே நிற்பது இரத்தம். ஒரு செல் உயிரோடிருக்க 100 முதல் 200 மைக்ரோமீட்டர் தொலைவுக்குள் ஒரு தந்துகி வேண்டும். பல்லெடுத்த குழியிலும் தாடையின் சிறு பள்ளத்திலும் நானோ ஹைட்ராக்ஸிஅபடைட் பசைகள் இன்றைக்கே பயன்படுவதற்குக் காரணம், அங்கே இரத்தம் நாலாபுறமும் பக்கத்தில் இருப்பதுதான். 5 சென்டிமீட்டர் சாரக்கட்டின் நடுவில் இருக்கும் செல்லுக்கு அந்த வசதி இல்லை. விளிம்பில் எலும்பு செழிக்க, நடுவில் செல்கள் மடிகின்றன. முப்பரிமாண அச்சில் நீளவாக்கில் வாய்க்கால்களை விட்டுச் சாரக்கட்டைச் செய்கிறார்கள் சிலர். வேறு சிலர் நானோகண்ணாடிக்குள் சிறிதளவு தாமிரமோ கோபால்ட்டோ சேர்க்கிறார்கள். கோபால்ட் கசியும்போது சுற்றியுள்ள செல்கள் ஆக்சிஜன் குறைந்துவிட்டதாக உணர்ந்து, இரத்தக் குழாயை வரவழைக்கும் புரதத்தைச் சுரக்கின்றன. அளவு கொஞ்சம் கூடினால் அதே கோபால்ட் செல்லைக் கொல்லும். கூடாமலும் குறையாமலும், முதல் சில வாரங்களுக்கு மட்டும் கசியும்படி அந்தக் கண்ணாடியின் கரையும் வேகத்தை அமைப்பதில்தான் இப்போது வேலை நடந்துகொண்டிருக்கிறது.